குகையா, ஏரியா, மரமா? பழைய மழையை யாரிடம் கேட்பது

அக்கா மகள் ஜியாலஜியில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தாள். “4,200 வருஷத்துக்கு முன்னாடி மழை பொய்ச்சுதுன்னு சொல்றாங்களே மாமா, அதைத்தான் எடுக்கலாம்னு இருக்கேன். குகைக்குப் போகவா, ஏரி மண்ணை எடுக்கவா? கைடு ரெண்டுமே ஓகேன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிட்டாரு.”

நானும் ஜியாலஜி படித்தவன்தான். பிழைப்பு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தத் துறையைப் படிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். அவளைப் போல யோசிப்பவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் கேள்வி எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். 2018இல் சர்வதேச நிலவியல் ஒன்றியம், நாம் வாழும் ஹோலோசீன் காலத்தை மூன்றாகப் பிரித்தது. கடைசிப் பகுதிக்கு மேகாலயன் காலம் என்று பெயர். கி.பி. 2000இலிருந்து 4,250 ஆண்டுகள் பின்னே அது தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்துக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அடையாளக்கல்லாக வைக்கப்பட்டது, மேகாலயாவின் சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் மவ்ம்லூ குகையின் தரையில் சொட்டுநீர் படிந்து வளர்ந்த ஒரு கல்முளை. கே.எம்.-ஏ என்பது அதன் அடையாள எண். நிலவியல் காலக் கணக்கில் குகைப் படிவு ஒன்றை இப்படி எல்லைக்கல்லாக நட்டது அதுவே முதல் தடவை. மற்ற இரண்டு பகுதிகளுக்கும் கிரீன்லாந்தின் பனித்தண்டுகளையே, அதாவது ஆழத் துளைபோட்டு உருவிய பனித்தூண்களையே எடுத்தார்கள். மூன்றாவதற்கும் பனியையே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு கிரீன்லாந்துப் பனியில் பளிச்சென்று தெரிவதில்லை. அது வெப்ப நாடுகளிலும் அவற்றை ஒட்டிய நாடுகளிலும் அடித்த வறட்சி. வறட்சி அடித்த இடத்துக்கே போய்த்தான் சாட்சி தேட வேண்டியிருந்தது. துணைச் சாட்சியாக கனடாவின் மவுண்ட் லோகன் பனித்தண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். பனியைப் பற்றி இவ்வளவு போதும். நம் ஊர் ஆய்வு மாணவி பனிமலை ஏறித் துளைபோடப் போவதில்லை.

ஆக, உலகக் குழு ஒன்று கூடி உட்கார்ந்து “குகை” என்று தீர்ப்பு எழுதிவிட்டது. அப்படியானால் பதில் குகைதானே?

அங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். அந்தக் குழு தேடியது ஒரு எல்லைக்கல். எல்லைக்கல்லுக்குத் தேதி சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் அக்கா மகள் தேடுவது மழை. இந்த இரண்டும் ஒன்றல்ல.

தேதியில் கல்முளையை அடிக்க ஆளில்லை. அது ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். குகைக் கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது, சொட்டு விழும் இடத்தில் தரையிலிருந்து எழுவது கல்முளை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்து, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே கீழே வரும். குகைக் காற்றைத் தொட்டதும் வாயு வெளியேறிவிடும். கரைந்த சுண்ணாம்பு கால்சைட் என்ற படிகமாகப் படியும். விழுது ஒழுங்கில்லாமல் வளரும். முளை அப்படியில்லை, அப்பம் மேல் அப்பம் அடுக்கியது போல எழும். நெடுக்காக அறுத்துப் பளபளப்பாக்கினால் அடியில் பழையது, நுனியில் புதியது என்று வரிசை கலையாமல் கிடைக்கும். சில குகைகளில் ஆண்டுக்கு ஒரு மெல்லிய வரி என்றுகூட எண்ணலாம்.

இனி கடிகாரம். யுரேனியம் தண்ணீரில் கரையும். தோரியம் கரையாது, களிமண்ணைப் பற்றிக்கொண்டு மேலேயே தங்கிவிடும். அதனால் சொட்டு நீரில் யுரேனியம் மட்டும் வந்து கால்சைட்டுக்குள் அடைபடுகிறது. அடைபட்ட நாளில் தோரியக் கணக்கு பூஜ்யம். பிறகு யுரேனியம் சிதையச் சிதைய உள்ளே தோரியம் 230 ஊறிக்கொண்டே வரும். அந்தத் தோரியமும் சும்மா இருக்காது. 75,600 ஆண்டு அரை ஆயுளோடு தானும் சிதையும். ஊறுவதும் குறைவதும் எந்த வேகத்தில் என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே இன்று யுரேனியம் எவ்வளவு, தோரியம் எவ்வளவு என்று அளந்தால் கல் பிறந்த ஆண்டு வந்துவிடும். சுமார் 6 லட்சம் ஆண்டு வரை இந்தக் கடிகாரம் ஓடும். காற்றிலிருந்து வந்து மெல்லச் சிதையும் கார்பன் 14ஐ அளக்கும் கடிகாரம் ஏறக்குறைய 50,000 ஆண்டிலேயே மூச்சு வாங்கிவிடும்.

சொல்வது சுலபம், அளப்பது கடினம். 4,200 ஆண்டுக் கல்லில் தோரியம் எவ்வளவு ஊறியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சம் யுரேனியம் அணுவுக்கு ஒரு தோரியம் அணு கூடத் தேறாது. அவ்வளவு சொற்பத்தை எண்ணத்தான், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் பவளப்பாறைகளில் இந்த முறை கைகூடிய பிறகுதான் குகை ஆய்வே வேறு திசைக்குத் திரும்பியது. இன்று சுத்தமான கல் கிடைத்தால், 4,200 ஆண்டு வயதுக்குப் பிழை இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் அடங்கும்.

“சுத்தமான” என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளச் சொன்னேன். வெள்ளம் புகும் குகையிலோ களிமண் கலந்த சொட்டிலோ தோரியம் வெளியிலிருந்தே வந்து ஒட்டியிருக்கும். உள்ளே ஊறியதையும் வெளியே ஒட்டியதையும் பிரிக்க, தோரியம் 232 என்ற இன்னொரு வகையை அளந்து கழிப்பார்கள். ஆனால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதில் ஒரு ஊகம் இருக்கிறது. அழுக்குக் கல்லில் அந்த ஊகமே சில நூற்றாண்டுகளை விழுங்கிவிடும். இந்தியக் குகைகளில் அழகான வெள்ளைக் கல் எல்லாம் சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அறுத்து, ஒரு துணுக்கை அளந்து பார்க்கும் வரை எதுவும் நிச்சயமில்லை.

இதே கல்லைக் கார்பன் 14இல் அளந்தால் என்ன என்று கேட்டாள். அளக்கலாம், ஆனால் பாதி வழியில் வழுக்கிவிடும். கல்முளையிலுள்ள கார்பனில் ஒரு பங்கு காற்றிலிருந்து வந்தது. இன்னொரு பங்கு கோடிக்கணக்கான ஆண்டு பழைய சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தது. பழைய பங்கில் கார்பன் 14 துளிகூட இல்லை. அந்தச் செத்த கார்பன் 15 சதவீதம் இருந்தாலே கல் 1,300 ஆண்டு கூடுதல் வயதானதாகத் தோன்றும். குகைக்குக் குகை இந்தப் பங்கு மாறும். ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பெரிய வேலை ஒன்று நடந்திருக்கிறது. சீனாவின் நான்ஜிங் அருகே ஹூலு குகையில் செத்த கார்பன் குறைவு. அதன் விளைவு 450 ஆண்டுகளைச் சுற்றியே நிற்கிறது. அங்குள்ள கல்முளைகளை யுரேனியம் முறையிலும் கார்பன் முறையிலும் சேர்த்து அளந்து, 54,000 ஆண்டு வரைக்கும் கார்பன் கடிகாரத்தையே திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் திருத்தத்துக்கு வழக்கமாக உதவும் மர வளையங்கள் 14,000 ஆண்டு அளவில் தீர்ந்துபோகின்றன. அதற்கு அப்பால், கார்பன் 14ஐ நம்பும் ஏரிமண்காரர்கள் பெரும்பாலும் தங்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது குகைக்காரர்களிடம் வாங்கி.

தேதி முடிந்தது. இனி அந்தக் கல் என்ன சொல்கிறது?

பழைய மழையை அறிய, கால்சைட்டிலுள்ள கனமான ஆக்சிஜன் 18க்கும் லேசான ஆக்சிஜன் 16க்கும் உள்ள விகிதத்தை அளப்பார்கள். கனமழை என்றால் ஆக்சிஜன் 18 குறையும், வறண்டால் கூடும் என்பது பாடப்புத்தக விதி. நம் ஊர்ப் பஞ்சாங்கமாவது இந்த வருஷம் மழை இத்தனை மரக்கால் என்று துணிந்து ஒரு எண்ணைச் சொல்லும். குகை அதைக்கூடச் சொல்லாது. ஒரு விகிதத்தை நீட்டிவிட்டு நீயே புரிந்துகொள் என்று விட்டுவிடும்.

அந்த விகிதத்தைப் பல கைகள் திருகுகின்றன. மேகாலயாவில் மழைநீரையே பிடித்து அளந்து பார்த்தவர்கள் 2010இல் எழுதினார்கள்: அங்கே விகிதத்தை மாற்றுவது எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, நீராவி எங்கிருந்து வந்தது என்பதுதான். கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக்கடலில் கொண்டுபோய்க் கொட்டும் நன்னீர் கூட அதில் கை வைக்கிறது. யோசித்துப் பாருங்கள். 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,471 மில்லிமீட்டர் மழை கொட்டி உலகச் சாதனை படைத்த ஊர் அது. அங்கே வறட்சி என்றால் என்ன அர்த்தம்? சிரபுஞ்சியில் மழை கால்வாசி குறைந்தாலும் அது நம்மூர்க் கணக்கில் பிரளயம்தான். மவ்ம்லூ கல்முளை தன் கூரைக்கு மேல் பெய்த மழையைச் சொல்லவில்லை. வங்கக்கடல் வழியே வந்த பருவக்காற்றின் பெரிய நடத்தையைச் சொல்கிறது. அது மோசமான செய்தி அல்ல. சிலருக்கு அதுதான் வேண்டும். ஆனால் “அந்த வருஷம் வயலில் எத்தனை அங்குலம் தண்ணீர்” என்று கேட்பவருக்கு அதில் பதில் இல்லை.

இதற்கு மேல் கூரையின் சேட்டை வேறு. மழை விழுந்த அன்றே சொட்டாது. பாறை இடுக்குகளில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் தேங்கி, பழசும் புதுசும் கலந்துதான் சொட்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கல்முளைகள் இரண்டு விதமாகப் பேசுவது இதனால்தான். கடும் வறட்சியில் சொட்டு நின்றுபோனால் கல்லும் வளராது. நமக்கு மிகவும் தேவைப்படும் அந்த ஆண்டுகளே ஏட்டில் கிழிந்துபோன பக்கமாகிவிடும்.

பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போகாத கதி, மேகாலயன் காலத்தின் அந்தப் புகழ்பெற்ற கல்லுக்கே நேர்ந்தது. கே.எம்.-ஏ பல ஆயிரம் ஆண்டு வளர்ச்சியைக் கொண்டது. அதில் யுரேனியத் தேதி எடுத்த இடங்கள் நெருக்கமாக இல்லை. இரண்டு தேதிகளுக்கு நடுவே வளர்ச்சி சீராக இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் மீதி வருடங்களை நிரப்ப முடியும். காலப்பிரிவு அறிவிக்கப்பட்ட அதே 2018இல், அதே குகையின் வேறு கல்முளைகளை ஆண்டளவு நெருக்கத்தில் அளந்த இன்னொரு குழுவின் கட்டுரை வந்தது. முதல் கல் காட்டிய மாதிரி ஒரேயடியாக விழுந்த வீழ்ச்சி அதில் இல்லை. மழை நிலையில்லாமல் ஏறியிறங்கி, நடுநடுவே சில பத்தாண்டுகள் நீண்ட மெலிந்த பருவங்கள் வந்துபோனதாகத்தான் தெரிந்தது. ஒரே குகை, ஒரே மழை, இரண்டு கதை. எல்லைக்கல்லை நட்ட ஈரம் காய்வதற்குள் பக்கத்துக் கல் எழுந்து ஆட்சேபம் சொல்லிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சண்டை இதுதான்.

இந்தச் சண்டை யாருக்கு முக்கியம்? சிந்துவெளிக்கு. ஹரப்பாவின் நகரக் காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை. 4,200 ஆண்டு வறட்சி கி.மு. 2200ஐ ஒட்டி. நகரங்கள் கலைந்தது அதற்கு 300 ஆண்டு கழித்து. வறட்சிதான் நகரத்தைக் கலைத்தது என்று சொல்ல வேண்டுமானால், வறட்சி எந்தத் தலைமுறையில் தொடங்கியது, எத்தனை தலைமுறை நீடித்தது என்று தெரிய வேண்டும். ±100 ஆண்டுப் பிழையோடு வரும் எந்தச் சாட்சியும் இந்த வழக்கில் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் உதவும். அதாவது யாருக்கும் உதவாது.

ஏரி இங்கே எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். ஹரியானாவின் கோட்லா தாஹர் இன்று வறண்ட பழைய ஏரி. அதன் வண்டலில் புதைந்த நத்தை ஓடுகளின் ஆக்சிஜனை அளந்து, ஏறக்குறைய 4,100 ஆண்டுகளுக்கு முன் ஏரியில் ஆவியாதல் திடீரென்று மிஞ்சியது, கோடை மழை மெலிந்தது என்று 2014இல் கண்டார்கள். நத்தைக்கு ஒரு நல்ல குணம்: அது வாழ்ந்த தண்ணீரையே ஓட்டில் எழுதி வைக்கிறது. உள்ளே வந்த மழைக்கும் வெளியே போன ஆவிக்கும் இடையிலான இழுபறி அங்கேயே பதிகிறது. ஹரப்பாக்காரன் வாழ்ந்த சமவெளி அது. அவன் பார்த்த வானத்துக்கு சிரபுஞ்சிக் குகையைவிடப் பக்கத்துச் சாட்சி. ஆனால் கடிகாரம் கார்பன் 14. பிழை ±100 ஆண்டைச் சுற்றி. போதாக்குறைக்கு, நத்தையும் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரிலிருந்து செத்த கார்பனை ஓட்டில் சேர்த்துக்கொள்ளக்கூடியது. ஏரியின் நடுவே கிடைக்கும் இலை, விதை, கரித்துண்டு இவற்றைத் தேடி அளந்தால் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும். அவை கிடைப்பது அதிர்ஷ்டம்.

நமக்குப் பக்கத்தில் நீலகிரி இருக்கிறது. அங்குள்ள சதுப்புகளின் மக்கல் மண்ணில் கார்பன் ஐசோடோப்பை அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் அந்த மலையில் எப்போது புல் மேலோங்கியது, எப்போது மற்றச் செடிகள் மேலோங்கின என்று 1993இலேயே எழுதினார்கள். வறட்சியைத் தாங்கும் புல் வகை ஒரு விதமான கார்பனையும், ஈரம் விரும்பும் செடிகள் வேறு விதமான கார்பனையும் விட்டுச் செல்லும். இது மழையை நேராக அளப்பதில்லை. மழைக்குத் தாவரம் சொன்ன பதிலை அளக்கிறது. ஒரு அங்குல மண்ணில் பல பத்தாண்டுகள் கலந்திருக்கும். ஆனால் சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் போய்விடலாம் என்பதை ஆய்வு மாணவி ஒருத்தி அலட்சியப்படுத்த முடியாது.

கடல் வண்டலைச் சுருக்கமாக முடிக்கிறேன். சிந்து நதி முகத்துக்கு வெளியே எடுத்த மண்தூணில் நுண்ணுயிர் ஓடுகள் 4,200 ஆண்டுகளுக்கு முன் நதிநீர் குறைந்ததைக் காட்டின. ஓமான் வளைகுடா மண்ணில் மெசபடோமியத் தூசி திடீரென்று கூடியது. மெசபடோமியாவை ஆண்ட அக்காடியப் பேரரசு சரிந்ததோடு அதை 2000இல் முடிச்சுப் போட்டார்கள். ஒரு நாடு முழுவதன் மழையைக் கூட்டிச் சொல்வதில் கடலுக்கு ஈடில்லை. ஆனால் அடிமண்ணில் புழு பூச்சிகள் கிளறிவிடும். கடல் நீரின் கார்பனும் பழையது, எவ்வளவு பழையது என்பது இடத்துக்கு இடம் மாறும். முக்கியமான விஷயம், அதற்குக் கப்பல் வேண்டும்.

அக்காடு பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தூசிக்கதையை ஈரானின் கோல்-எ-சர்த் குகைக் கல்முளை 2019இல் திரும்பச் சொன்னது. இம்முறை ஆக்சிஜனை நம்பவில்லை. கல்லுக்குள் மக்னீசியம் கூடுவதைப் பார்த்தார்கள்; அது பாலைவனத் தூசியோடு வருவது. 4,260 ஆண்டுகளுக்கு முன் தூசி கூடியது, 290 ஆண்டு நீடித்தது என்று வந்தது. கடல்மண்ணில் மங்கலாகத் தெரிந்த அதே செய்தி, குகையின் கடிகாரத்தில் தொடக்கமும் முடிவுமாகக் கிடைத்தது. குகையைத் தேர்ந்தெடுப்பதென்றால் இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும். கல் எதைச் சொல்லத் தெரிந்ததோ அதை மட்டும் அதனிடம் கேட்க வேண்டும்.

மரத்தை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், 4,200 ஆண்டுக் கேள்விக்கு இந்தியாவில் மரம் பதில் சொல்லாது. ஆனால் அவள் கேள்வியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினால் மரம்தான் ராஜா. கேரளத்துத் தேக்கு வளையங்களை வைத்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசை ஒன்று கட்டியிருக்கிறார்கள். எல் நினோவோடு சேர்ந்து வந்த வறட்சி ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருக்கிறது. இங்கே பிழை ±100 இல்லை, ±1 கூட இல்லை. வளையங்களைச் சரியாக ஒப்பிட்டிருந்தால் ஆண்டு ஆண்டுதான். வியட்நாம் மலைக்காட்டு மரங்கள் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கம்போடியாவின் அங்கோர் நகரத்தைப் பிழிந்த வறட்சிகளை அப்படித்தான் எண்ணிக் காட்டின. மரத்திலும் குறை உண்டு. இளமரம் அகலமாக வளரும், கிழமரம் ஒடுங்கும். அந்த வயதுச் சாய்வைக் கழிக்கும்போது நூற்றாண்டுக் கணக்கான மெதுவான மாற்றமும் சேர்ந்து கழிந்துவிடும். திடீர் பஞ்சம் தெரியும், மெல்ல வற்றுவது தெரியாது.

ஒரு தற்செயல் எனக்கு நெடுநாளாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. சத்தீஸ்கரின் தண்டக் குகைக் கல்முளை ஏறக்குறைய கி.பி. 600இலிருந்து 1500 வரை பேசுகிறது. அது 14ஆம் நூற்றாண்டில் பருவமழை பலமுறை மெலிந்ததைக் காட்டுகிறது. தக்காணத்தில் 1396 முதல் 1407 வரை நீண்டதாகச் சொல்லப்படும் துர்கா தேவிப் பஞ்சம் அந்தக் காலத்தின் வாலில்தான் வருகிறது. குகை வாய் மூடும் இடத்தில் கேரளத்துத் தேக்கு வாய் திறக்கிறது. இரண்டையும் ஒட்டவைக்க இடைவெளிகூட இல்லை. ஆனால் ஒன்று பேசுவது ஆக்சிஜன் மொழி, மற்றது வளைய மொழி. ஒன்று மத்திய இந்தியா, மற்றது மேற்குத் தொடர்ச்சி மலை. வரைபடத்தில் அடுத்தடுத்து வைத்துக் கோடு இழுப்பது எளிது. அந்தக் கோட்டை நம்புவது வேறு.

“சரி மாமா, தமிழ்நாட்டுக்கு எதை எடுக்கிறது?” என்று இரண்டாவது முறை போன் செய்தபோது கேட்டாள். இது அவளுக்கு நான் சொல்ல விரும்பாத பதில். சென்னைக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. மேலே சொன்ன இந்தியக் குகைகளெல்லாம் முதன்மையாகத் தென்மேற்குப் பருவத்தின் சாட்சிகள். மவ்ம்லூவில் மழை மெலிந்தது என்பதால் தஞ்சாவூரில் ஐப்பசி அடைமழையும் மெலிந்தது என்று எழுதினால், தேர்வாளர் சிவப்பு மையை எடுப்பார், எடுக்கவும் வேண்டும். கிட்டத்தில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் அகலகவி குகை இருக்கிறது. அங்கே 331 ஆண்டு வளர்ந்த கல்முளையை வரி எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவும் தென்மேற்கின் வாசலில் நிற்கும் குகைதான். அக்டோபர் மழையின் பழங்கதையைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டுமானால், கிழக்குக் கரையோர ஏரி வண்டலை விட்டு எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தேதி முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். குகையில் பெரிய செலவு கல் அல்ல, அனுமதியும் தேதியும். வனத்துறை, ஊர்ச் சபை, குகையைக் கும்பிடும் மக்கள் என்று பல வாசல்களைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு யுரேனியத் தேதிக்கும் நல்ல ஆய்வகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நாலு தேதி வாங்கி நாலாயிரம் ஆண்டுக்குக் கோடு இழுக்கும் பழக்கத்தின் பலனை மவ்ம்லூவில் பார்த்தோம். காசு குறைவென்றால் கல்லின் நீளத்தைக் குறைத்துத் தேதியைக் கூட்டு என்பேன். 4,600 ஆண்டிலிருந்து 3,800 வரை மட்டும் எடுத்து, அதற்குள் பதினைந்து இருபது தேதி. மீதிக் கல் அப்படியே இருக்கட்டும். இன்னொன்றும் உண்டு. அறுத்த கல்முளை திரும்ப முளைக்காது. நம் ஆயுள் முழுக்கச் சொட்டினாலும் சில மில்லிமீட்டர்தான் தேறும். முழுசாக நிற்பதை உடைக்காமல், ஏற்கெனவே விழுந்து கிடப்பதை எடுக்கலாம். அல்லது நடுவில் மெல்லிய துளை போட்டு ஒரு தண்டை மட்டும் உருவிக்கொண்டு துளையை அடைத்துவிடலாம். ஏரி மண் இந்த விஷயத்தில் தாராளம். இரண்டாவது தூண் எடுத்தால் ஏரிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியில் அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. உன் கேள்வி “எப்போது தொடங்கியது, எத்தனை ஆண்டு நீடித்தது” என்றால் குகைக்குப் போ. ஒன்றல்ல, ஒரே குகையில் குறைந்தது இரண்டு கல் எடு. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தை மட்டும் நம்பு. “எவ்வளவு வறண்டது, அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆனது” என்றால் ஏரிக்குப் போ. தேதியின் பிழையை மறைக்காமல் எழுது. பக்கத்தில் ஏதாவது குகையின் தேதி இருந்தால் ஏரியின் வளைவை அதோடு பொருத்திப் பார்க்கலாம். ஆனால் பொருந்தும்படி ஏரியை இழுக்காதே. இந்தத் துறையில் பாதிச் சண்டைகள் அந்த இழுப்பில் வந்தவை.

குகை என்று முடிவு செய்துவிட்டாள். ஆவலில் தேதி முக்கியமாகப் பட்டிருக்கும்; அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். அப்படியானால் கல்லைத் தொடுவதற்கு முன், சொட்டு விழும் இடத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, குகைக்கு வெளியே ஒரு மழைமானியை நட்டு, இரண்டு பருவம் பார்த்துவிடு என்றேன். இன்று பெய்யும் மழை இன்றைய கால்சைட்டில் எப்படி விழுகிறது என்று தெரியாமல், 4,200 ஆண்டுக்கு முந்தைய கால்சைட்டைப் படிக்க உட்காரக் கூடாது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: “ரெண்டு வருஷமா? அதுக்குள்ள என் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முடிஞ்சிடுமே மாமா!”